படிக்க முடியாத எழுத்துகளைப் படித்த கதைகள்: எதில் தொடங்கலாம்?

கேள்வி: சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு அறிவித்ததிலிருந்து இந்த விஷயத்தில் ஆர்வம் பிடித்துக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் போன எழுத்துகளை எப்படித்தான் படித்தார்கள்? நல்ல பாட்காஸ்ட், புத்தகம், கேம் சொல்லுங்கள். தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய்வருகிறேன், காது சும்மாதான் இருக்கிறது. கேம் விளையாடிப் பழக்கமே இல்லை. ஒன்பதாவது படிக்கும் மகளுக்கும் இதில் ஆசை.

பதில்:

நீங்கள் கேட்ட வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்கிறேன். முதலில் கேம், அடுத்து புத்தகம், பாட்காஸ்ட் கடைசி. பழக்கமில்லாதவரிடம் கேமை முதலில் நீட்டுவது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் இந்தத் துறையில் கதை கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: விடை தெரிந்தபின் சொல்லப்படும் கதை எல்லாமே சுலபமாகத் தோன்றும். "எகிப்தில் கிடைத்த ரோசெட்டா கல்லில் மூன்று எழுத்தில் ஒரே செய்தி இருந்தது, அதை வைத்து ஷாம்போலியன் படித்துவிட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்தக் கல் கிடைத்தது 1799இல். ஷாம்போலியன் தன் விடையை வெளியிட்டது 1822இல். நடுவில் இருக்கும் 23 ஆண்டுகளில் ஐரோப்பாவின் பெரிய மூளைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது, நீங்களே ஒருமுறை தெரியாத எழுத்தின் முன் உட்கார்ந்து முழித்தால்தான் பிடிபடும்.

அப்படி முழிக்க வைக்கும் கேம் 'சாண்ட்ஸ் ஆஃப் செனார்'. ருண்டிஸ்க் என்ற சிறிய பிரெஞ்சு நிறுவனம் உருவாக்கியது, 2023இல் வெளிவந்தது. பைபிளில் வரும் பாபேல் கோபுரக் கதையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் ஒரு மக்கள், அவர்களுக்கென்று ஒரு எழுத்து என்று அடுக்கியிருக்கிறார்கள். நீங்கள் முகமூடிபோல் முக்காடு போட்ட ஒரு பயணி. யாரும் உங்களுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. ஒருவர் கையசைத்து ஏதோ சொல்வார், ஒரு பலகையில் இரண்டு குறிகள் இருக்கும், பக்கத்தில் ஒரு கதவு. குறிக்குக் கீழே உங்கள் ஊகத்தை நீங்களே தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளலாம். தமிழிலேயே யோசித்து, 'கதவு' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தாலும் கேமுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு கட்டத்தில் நோட்டுப்புத்தகத்தில் சில படங்கள் தோன்றும். அந்தப் பக்கத்தில் உள்ள படங்கள் அத்தனைக்கும் சரியான குறிகளைப் பொருத்தினால்தான் "சரி" என்று ஒப்புக்கொள்ளும். ஒன்று தப்பென்றாலும் எது தப்பு என்று காட்டிக்கொடுக்காது.

இது வெறும் விளையாட்டு உத்தி இல்லை. எழுத்தைப் படிப்பதில் ஊகம் என்பது தனித்தனியாகச் சரியாவதில்லை, கூட்டமாகத்தான் சரியாகும். மூன்று ஊகங்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தால்தான் நம்பலாம். தளம் மாற மாற மொழிகளும் வேறாகின்றன. ஒன்றில் பன்மைக்கு அதே குறியை இரண்டுமுறை எழுதுவார்கள், இன்னொன்றில் பன்மைக்குத் தனிக் குறி, மற்றொன்றில் சொல்வரிசையே வேறு. வேற்றுமை உருபுகளோடும் சொல்வரிசைச் சுதந்திரத்தோடும் வளர்ந்த தமிழருக்கு இது ஆங்கிலக்காரர்களைவிடச் சுலபமாக வரும் என்பது என் எண்ணம். காவலர்கள் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து ஓடும் சில பகுதிகள் எரிச்சலூட்டும். அவற்றை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

அது முடிந்து இன்னும் வேண்டும் என்றால் 'ஹெவன்ஸ் வால்ட்'. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இன்கிள் நிறுவனம், 2019. அலியா என்ற தொல்லியலாளரும் ஒரு இயந்திரத் துணையும் நிலவுக்கு நிலவு போய்க் கல்வெட்டுகளைப் படிக்கிறார்கள். இதன் எழுத்தில் ஒவ்வொரு சொல்லும் சிறு உறுப்புகளால் ஆனது. ஒரு உறுப்பின் பொருள் தெரிந்தால் அது வரும் பத்துச் சொற்களில் பாதி வெளிச்சம் வரும். ஆனால் தவறான ஊகத்தை உடனே திருத்தாது. நீங்கள் தப்பாகப் படித்த வாக்கியத்தை வைத்துக்கொண்டே கதை நகரும், அதை நம்பி நீங்கள் முடிவுகள் எடுப்பீர்கள், நெடுநேரம் கழித்து அதே சொல் வேறோர் இடத்தில் பொருந்தாமல் நிற்கும்போது உறைக்கும். உண்மையான கல்வெட்டு ஆய்வுக்கு இதைவிட நெருங்கி வந்த கேம் வேறில்லை. குறை ஒன்று உண்டு: இடத்துக்கு இடம் கப்பலில் மிதந்து போகும் காட்சிகள் நீளம், ரொம்ப நீளம்.

'டியூனிக்' (2022) பற்றியும் யாராவது சொல்வார்கள். குட்டி நரி ஒன்று வாளோடு அலையும் கேம். அதன் கையேட்டுப் பக்கங்கள் தெரியாத எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தைப் படிக்காமலே கேமை முடித்துவிடலாம். படிக்க வேண்டுமென்றால் ஆங்கில உச்சரிப்பைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், தவிர சண்டைகள் கடினம். தொடங்குபவருக்கு வேண்டாம்.

இனி புத்தகம். இங்கேதான் விஷயத்தின் கொழுப்பு இருக்கிறது. எல்லாரும் எகிப்திலிருந்து தொடங்குவார்கள். நான் கிரீட் தீவிலிருந்து தொடங்கச் சொல்வேன். எகிப்தில் இருமொழிக் கல் கையில் இருந்தது. கிரீட்டில் கிடைத்த 'லீனியர் பி' எழுத்துக்கு அப்படி ஒரு துணையும் இல்லை. எழுத்தும் தெரியாது, அது எந்த மொழி என்றும் தெரியாது. 1900இல் ஆர்தர் எவன்ஸ் குனோசஸில் தோண்டத் தொடங்கிக் களிமண் பலகைகளை அள்ளினார். 1941இல் இறக்கும்வரை அவராலும் படிக்க முடியவில்லை, பெரும்பகுதிப் பலகைகளை வெளியிடவும் இல்லை, அதனால் மற்றவர்களாலும் முடியவில்லை.

இதற்கு மார்கலிட் ஃபாக்ஸ் எழுதிய 'த ரிடில் ஆஃப் த லேபிரிந்த்' (2013) முதல் புத்தகம். நடுநாயகம் ஆலிஸ் கோபர். புரூக்ளின் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. தேவாலயச் சுற்றறிக்கை, வாழ்த்து அட்டை, கிடைத்த காகிதத்தின் பின்பக்கம் என்று வெட்டிச் சீட்டுகள் செய்து சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார். அப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 1,80,000 சீட்டுகள். எந்தக் குறி எந்தக் குறிக்குப் பக்கத்தில், சொல்லின் முதலிலா, நடுவிலா, கடைசியிலா என்ற கணக்கு மட்டும். எந்தக் குறிக்கு என்ன ஒலி என்று அவர் கடைசிவரை சொல்ல மறுத்தார். அப்போது ஆளாளுக்கு ஒலி கொடுத்து, "இது பாஸ்க் மொழி", "இது ஹிட்டைட்" என்று எழுதிக்கொண்டிருந்த காலம்.

அவர் கண்டுபிடித்ததைத் தமிழில் விளக்குவது எளிது. காடு, காடே, காடா என்று மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்தில் டு, டே, டா மூன்றிலும் 'ட' கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கோலங்கள் இருந்தால்? ஒரே அடிச்சொல்லுக்குப் பின் ஒரே இடத்தில் அவை மாறி மாறி வருவதைப் பார்த்து, "இந்த மூன்றுக்கும் மெய் ஒன்று, உயிர் வேறு" என்று சொல்லிவிடலாம். அது 'ட'வா 'ச'வா என்று தெரியவே வேண்டியதில்லை. கோபர் செய்தது அதுதான். லீனியர் பியின் மொழியில் சொற்கள் உருபேற்று மாறுகின்றன என்று ஒலி தெரியாமலேயே காட்டினார். 1950இல், 43 வயதில் இறந்துபோனார்.

இரண்டே ஆண்டுகளில் மைக்கேல் வென்ட்ரிஸ் முடித்துவைத்தார். தொழிலால் கட்டடக் கலைஞர். 14 வயதில் எவன்ஸ் பேசக் கேட்டதிலிருந்து இந்தப் பித்து. கோபர் வழியில் குறிகளைக் கட்டம் கட்டி, ஒரே மெய் ஒரு வரிசை, ஒரே உயிர் ஒரு பத்தி என்று அடுக்கினார். பிறகு கிரீட்டில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள் ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என்று ஊகித்து, அம்னிசோஸ், குனோசஸ் பெயர்களைப் பொருத்திப் பார்த்தார். ஒரு பெயரில் கிடைத்த ஒலி கட்டத்தின் வழியே மற்ற குறிகளுக்குப் பரவியது. அவரே எதிர்பாராதபடி வெளியே வந்தது கிரேக்கம். பழைய இத்தாலியில் வழங்கிய எட்ருஸ்கனுக்கு உறவான மொழி என்றுதான் அதுவரை நம்பியிருந்தார். 1952 ஜூலை 1 அன்று பிபிசி வானொலியில் அறிவித்தார்.

சரி, இது சரியான வாசிப்பு என்று எப்படித் தெரியும்? அடுத்த ஆண்டே அதற்கு விடை வந்தது. கிரேக்கப் பெருநிலத்தில் உள்ள பைலோஸில் அகழ்ந்த ஒரு பலகையில், வென்ட்ரிஸ் பார்த்திராத பலகையில், மூன்றுகால் பாத்திரத்தின் படமும் கைப்பிடி வைத்த கலங்களின் படங்களும் இருந்தன. வென்ட்ரிஸின் ஒலிகளை வைத்து வாசித்தால் மூன்றுகாலிக்கு எதிரே 'திரிபோதெ' என்று வந்தது. நான்கு பிடி உள்ள கலத்துக்கு எதிரே நான்கு என்ற சொல், மூன்று பிடிக்கு எதிரே மூன்று. இந்தப் பலகையின் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஃபாக்ஸை முடித்ததும் ஜான் சாட்விக்கின் 'த டிசைஃபர்மென்ட் ஆஃப் லீனியர் பி' (1958). வென்ட்ரிஸோடு கூட்டாக வேலை செய்தவரே எழுதிய மெல்லிய புத்தகம். கோபரின் பங்கை இது அளந்துதான் சொல்கிறது, அதனால்தான் ஃபாக்ஸ் முதலில். ரயிலில் படிக்கலாம், ஆனால் பென்சிலோடு.

அடுத்து மைக்கேல் கோவின் 'பிரேக்கிங் த மாயா கோட்' (1992). இதன் ருசி வேறு: வம்பு. மத்திய அமெரிக்காவின் மாயா எழுத்து ஒலியைக் குறிக்கிறது என்று லெனின்கிராடில் உட்கார்ந்துகொண்டு யூரி நோரோசோவ் 1952இல் எழுதினார். அப்போது மெக்ஸிகோ பக்கம் அவர் போனதே இல்லை. மேற்கில் இத்துறையின் முடிசூடா மன்னராக இருந்த எரிக் தாம்சன் அதை உதறித் தள்ளினார், பனிப்போர் வேறு. ததியானா புரோஸ்குரியாகோஃப் 1960இல் கல்தூண்களில் உள்ள தேதிகளின் இடைவெளியை மட்டும் கணக்கிட்டு, இவை மன்னர்களின் பிறப்பும் பட்டமேற்பும் என்று காட்டினார். ஒரு அறிஞரின் செல்வாக்கு ஒரு துறையை எத்தனை காலம் பிடித்து நிறுத்தும் என்பதற்கு இந்தப் புத்தகம் போதும். கோவுக்குப் பாரபட்சம் உண்டு. அதை மறைக்கவும் மாட்டார்.

நம் பக்கத்துக் கதை வேண்டுமென்றால் சார்லஸ் ஆலனின் 'அசோகா' (2012). ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் அசோகர் காலத்து எழுத்தான பிராமியைப் படித்தது அதில் விரிவாக வருகிறது. சாஞ்சியில் தூண்களிலும் வேலிக் கற்களிலும் இருந்த குட்டிக் குட்டி வாசகங்கள் எல்லாம் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதைக் கவனித்தார். கோயிலில் கல்மேல் சின்னதாக என்ன எழுதுவார்கள்? நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் இருப்பதுதான்: உபயம், இன்னார். பிரின்செப் ஊகித்த சொல் 'தானம்'. அதிலிருந்து த, ன இரண்டும் விழுந்தன, மற்றவை பின்னால் வந்தன.

இதன் தமிழ்ப் பின்பகுதி ஆங்கிலப் புத்தகங்களில் அவ்வளவாக வராது. மதுரை மாங்குளம் போன்ற மலைக்குகைகளில் இருந்த பிராமி எழுத்துகளை, பிரின்செப்புக்குப் பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது, பொருள்தான் வரவில்லை. பிராகிருதமாகப் பாவித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ஒரே க-வுக்கு நான்கு ஒலி வைக்கும் வடமொழி வர்க்க எழுத்துகள் இல்லாததையும் ழ, ள, ற, ன போன்ற ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் இருப்பதையும் காட்டி, மொழி தமிழ் என்றார். வென்ட்ரிஸுக்கு எழுத்தும் தெரியாது மொழியும் தெரியாது. இங்கே எழுத்து தெரிந்தும் மொழி தெரியாமல் நின்றது. இதன் முழு வரலாறு ஐராவதம் மகாதேவனின் 'ஏர்லி தமிழ் எபிகிராஃபி' (2003) நூலில் இருக்கிறது. கனமான நூல், விலையும் கனம். வாங்காதீர்கள், நூலகத்தில் முன்னுரைப் பகுதியை மட்டும் படியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்க வந்த சிந்து எழுத்து. வேண்டுமென்றேதான் இவ்வளவு தூரம் தள்ளிவைத்தேன். சராசரியாக ஐந்து குறி நீளம்தான் ஒரு வாசகம். மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் குறிகள் 417. வேறு அறிஞர்கள் வேறு எண்ணிக்கை சொல்கிறார்கள், ஏனென்றால் எது தனிக் குறி, எது ஒரே குறியின் வேறு வடிவம் என்பதிலேயே ஒப்புதல் இல்லை. இருமொழி வாசகம் இல்லை. கோபர் கணக்குப் போட நீளமான பலகைகளாவது இருந்தன; இங்கே உருபு மாறுவதைப் பார்க்கக்கூட இடம் போதாது. 2004இல் ஃபார்மர், ஸ்பிரோட், விட்ஸல் மூவரும் இது மொழியை எழுதிய எழுத்தே இல்லை என்று வாதிட்டார்கள். 2009இல் ராஜேஷ் ராவும் மகாதேவன் உள்ளிட்ட குழுவும் குறிகளின் வரிசை ஒழுங்கு மொழிகளின் ஒழுங்கோடு ஒத்துப்போகிறது என்று பதில் கொடுத்தார்கள். சண்டை ஓயவில்லை.

படிக்க எடுத்தால் ஆஸ்கோ பர்போலாவின் 'டிசைஃபரிங் த இண்டஸ் ஸ்கிரிப்ட்' (1994). மீன் குறி விண்மீனையும் குறிக்கலாம் என்ற ஊகம் அவருக்கு முன்பே ஹென்றி ஹேராஸ் பாதிரியார் சொன்னது. பர்போலா அதை நீட்டி, ஆறு கோடும் மீனும் சேர்ந்தால் 'அறுமீன்', அதாவது கார்த்திகை, ஏழும் மீனும் 'எழுமீன்', அதாவது சப்தரிஷி மண்டலம் என்கிறார். இரண்டு சொல்லும் சங்கப் பாடல்களில் இருப்பவை. தமிழ் தெரிந்தவருக்குப் புல்லரிக்கும் இடம். நானும் இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்றுகால் பாத்திரப் பலகை இங்கே இன்னும் கிடைக்கவில்லை. மீனிலிருந்து கிடைத்த ஒலி மற்ற குறிகளுக்குப் பரவி, யாரும் முன்பு பார்க்காத ஒரு முத்திரையில் பொருளோடு வந்து நிற்க வேண்டும். தமிழில் ஆர். பாலகிருஷ்ணனின் 'சிந்துவெளிப் பண்பாட்டின் திராவிட அடித்தளம்' எழுத்தைவிட ஊர்ப்பெயர்களையும் நகர அமைப்பையும் பிடித்துக்கொண்டு போகிறது. அந்த வழி உங்களுக்குப் பிடிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் "சிந்து எழுத்தைப் படித்துவிட்டேன்" என்று வரும் பிடிஎஃப்களை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். 1857இல் லண்டன் ராயல் ஆசியவியல் கழகம் செய்ததைப் பாருங்கள். மெசபடோமியாவின் ஆப்பெழுத்தைப் படித்துவிட்டதாகச் சொன்ன நான்கு பேரிடம் புதிதாகக் கிடைத்த ஒரே வாசகம் போனது. நால்வரும் தனித்தனியாக மொழிபெயர்த்து முத்திரையிட்டு அனுப்பினார்கள். நடுவர் குழு உறைகளைப் பிரித்து ஒப்பிட்டது. முக்கியமான இடங்களில் நான்கும் ஒத்துப்போயின. அந்த பிடிஎஃப்காரரின் முறையை வைத்து வேறொருவர் அதே முத்திரையைப் படித்தால் அதே வாசகம் வருமா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் உரையாடல் அத்தோடு முடிந்துவிடும்.

பாட்காஸ்டுக்கு வருவோம். எழுத்தைப் பற்றிய பாட்காஸ்ட் என்பது கோலம் போடுவதை வானொலியில் சொல்லித்தருவது மாதிரி. கண்ணுக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே படிப்பு முறையைக் கேட்காமல், சுற்றியுள்ள உலகத்தைக் கேளுங்கள். பிபிசியின் 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியில் ரோசெட்டா கல் பற்றி ஒரு பகுதி உண்டு. எழுத்தின் வரலாற்றையே ஐந்து பகுதிகளாகச் சொல்லும் 'த ரிட்டன் வேர்ல்ட்' தொடரும் 2012இல் அதில்தான் வந்தது. பால் கூப்பரின் 'ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்ஸ்' பகுதிகள் பலவும் மணிக்கணக்கில் ஓடும். உங்கள் ரயில் பயணத்துக்குப் பொருத்தம். சுமேரியர் பற்றியதும் வெண்கலக் கால வீழ்ச்சி பற்றியதும் முதலில். இரண்டாவதில் லீனியர் பி எழுதிய அரண்மனைகள் எரிந்துபோன காலம் வருகிறது. அந்தத் தீயில் வெந்ததால்தான் பச்சைக் களிமண் பலகைகள் நமக்குக் கிடைத்தன என்பதைச் சாட்விக்கைப் படித்தபின் கேட்டால் சுவையே வேறு. மொழியியலின் அடிப்படைகளுக்கு 'லிங்த்யூசியாஸம்', மாதம் ஒன்று, இருவர் சிரித்துப் பேசுவது. தமிழில் இதற்கென்று ஒழுங்கான பாட்காஸ்டைத் தேடுவதைவிட யூடியூபில் ரோஜா முத்தையா நூலகத்தின் உரைகளையும் தமிழ் பாரம்பரிய அறக்கட்டளையின் உரைகளையும் தேடுங்கள். படக்காட்சியோடு பேசுவார்கள், இந்த விஷயத்துக்கு அதுதான் லாபம்.

மகளுக்குத் தனியாக ஒன்று. காசே செலவில்லாத, கருவியும் வேண்டாத விளையாட்டு மொழியியல் ஒலிம்பியாட் கணக்குகள். 1965இல் மாஸ்கோவில் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது; உலகப் போட்டி 2003இலிருந்து நடக்கிறது. கேள்விப்பட்டிராத ஒரு மொழியில் பத்து வாக்கியம், அவற்றின் பொருள், பிறகு புதிதாக நான்கு வாக்கியம்: பெயர்த்துக் காட்டு. முன்னறிவு எதுவும் தேவையில்லை, கோபரின் சீட்டுக் கணக்கு மட்டும் போதும். பழைய கேள்வித்தாள்களும் விடைகளும் இணையத்தில் இலவசம். இந்தியாவில் பள்ளி மாணவர்களுக்குப் பாணினி மொழியியல் ஒலிம்பியாட் வழியாக நுழைவு. சர்வதேசத் தாளில் கை வைக்க வேண்டாம், அது பெரியவர்களையே அழவைக்கும். பிரிட்டன் போட்டியின் தொடக்கநிலைத் தாள்களில் இரண்டை அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை இருவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு விடையைக் கடைசியில் ஒப்பிடுங்கள். முதல் இரண்டு கேள்வியில் அவள் உங்களை முந்திவிட்டால், 'செனார்' கேமை அவளிடமே முதலில் கொடுங்கள்.